நாற்பது மீட்டர்

ஏரியைச் சுற்றி ஒரு வட்டம்
மூன்று கிலோமீட்டர் என்று
பதினொரு வருடமாக நான்தான் எழுதிவருகிறேன்.
மஞ்சள் பெயிண்ட், முழங்கை நீள எழுத்து.
மழை விட்டதும் ஒருமுறை,
மேயர் வருகிறார் என்றால் இன்னொரு முறை.

இந்த ஜூலையில்
நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள்
கோலில் பொருத்திய ஒற்றைச் சக்கரத்தோடு.
காலை ஐந்தரை. குரிச்சிபாவின் புல்லெல்லாம் உறைபனி.
கேபிபாராக்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
மூச்சால் புகைந்துகொண்டிருந்தன.
மீட்டருக்கு ஒரு டிக்.
சுற்றி வந்தாள், எண்ணைப் பார்த்தாள்,
பேசாமல் மறுபடியும் சுற்றி வந்தாள்.
"இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது" என்றாள்,
மீதி நாற்பது
என் சட்டைப்பையில் இருப்பதுபோல என்னைப் பார்த்து.

வெள்ளம் வந்த வருடம்
கரை சரிந்ததில் பாதையை வளைத்துப் போட்டார்கள்.
ஏரி தின்ற நாற்பது மீட்டருக்கு
யாரும் கணக்குக் கேட்கவில்லை.
நானும் பழைய எழுத்தின் மேலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முதலில் பல் மருத்துவர் அடெல்மோவின் முகம்தான் வந்தது.
மூன்று கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம் நாற்பது நொடி:
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்
நோயாளியின் நாற்காலிக்கு நேர் எதிரே.
வாயைத் திறந்து கிடப்பவர்
என்ன மறுத்துவிட முடியும்?

பிறகு இவோனெச்சி.
நெஞ்சைப் பிளந்து தைத்த பிறகு
தினம் மூன்று கிலோமீட்டர் நடக்கச் சொன்னார்களாம்.
நடந்தாள். பிழைத்தாள்.
இப்போது போய் எப்படிச் சொல்வது?

கடிதம் வந்தது: புதுக் கோடு போடவும், பழையதை அழிக்கவும்.
புதுக் கோட்டை அன்றிரவே போட்டேன்,
யூக்கலிப்டஸைத் தாண்டி, வால்டெமிர்
பின்யாவ் கொட்டை அவித்து விற்கும் வண்டிக்குப் பக்கத்தில்.

மறுநாள் அடெல்மோ
பழைய கோட்டில் கடிகாரத்தை அமுக்கிவிட்டு
நிமிர்ந்தார். தூரத்தில் இன்னொரு மஞ்சள்.
"ஜுராந்திர், அது என்ன?"
"அளவு, டாக்டர்."
இடுப்பில் கைவைத்து நெடுநேரம் நின்றார்.
அந்தப் பக்கம் போகவே இல்லை.
வந்த வழியே திரும்பி நடந்தார்.

இவோனெச்சி மட்டும் விரல்விட்டு எண்ணினாள்.
ஆறு வருடம், நாளைக்கு நாற்பது மீட்டர்,
ஒரு நாளும் தவறவில்லை, கிறிஸ்துமஸ் உட்பட.
"எண்பத்தேழு கிலோமீட்டர்!
அடப்பாவி, நான் கடலுக்கே போய்ச் சேர்ந்திருப்பேனே"
என்று சிரித்தாள், சிரிப்பு இருமலாகி,
இருமல் நின்று, பிறகு
"இதயத்துக்குக் கணக்கு வராது, நல்ல வேளை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை.
மரங்களில் பிறந்தநாள் பலூன்கள், இறைச்சிப் புகை,
தள்ளுவண்டியில் இரட்டைக் குழந்தைகளை உருட்டியபடி ஓடும் ஒரு அப்பா.
எட்டு வயது தைனாதான் முதலில் பார்த்தாள்:
இங்கே ஒரு கோடு. அங்கே ஒரு கோடு.
நடுவில் நேரான பாதை.
குழந்தைகளுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு மணி நேரத்தில் வரிசை நின்றது.
மாமாக்கள் செருப்பைக் கழற்றினார்கள்.
இவோனெச்சி கைக்குட்டையை உயர்த்தி இறக்கினாள்.
மூன்றாவது பந்தயத்தின் குறுக்கே
கேபிபாரா ஒன்று வந்து படுத்துக்கொள்ள
எல்லோரும் அதைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள்.
மரத்தின் பின்னாலிருந்து
அடெல்மோ நொடி சொல்லிக்கொண்டிருந்தார்,
யாரும் கேட்காமலே.

பழைய கோட்டை ஏன் இன்னும் அழிக்கவில்லை என்று
அலுவலகத்தில் கேட்கிறார்கள்.
கறுப்பு பெயிண்ட் வரவில்லை என்று எழுதியனுப்பினேன்.
வந்து எட்டு நாளாகிறது.
அந்த டப்பாவின் மேல் உட்கார்ந்துதான்
பந்தயம் பார்க்கிறேன்.